இருநூற்றைம்பதா, நானூற்றைம்பதா

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலை மூடினால் புழுங்குமோ, திறந்தால் சளி பிடிக்குமோ என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "உன் ரேஸை நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல மாமா. திரும்பி நின்னுக்கினு காதாலதான் கேப்பேன்."

"இன்னாது! இத்தினி வருசமாவா?"

அவர் மண்மேடுகளில் பைக்கில் தாவும் மோட்டோகிராஸ் வீரர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இந்த வருடம் இருநூற்றைம்பது சிசி வண்டியா, நானூற்றைம்பதா என்று டீமுக்குச் சொல்ல வேண்டும். மலை ஏறிவிட்டால் டவர் கிடைக்காது.

"நானூத்தம்பதுதான் பெரிய கிளாஸு. அதுலதான் பேரு."

"சின்ன வண்டின்னா நீ ஆக்சிலேட்டர முழுசா முறுக்கிக்கினே போவ. சத்தம் வுடாம வரும், நானும் நிம்மதியா நிப்பேன். அன்னிக்கு பெருசை ஓட்டிப் பாத்தியே, மேட்டுக்கு மேடு சத்தம் அடங்கிச்சு. ஒவ்வொரு தபாவும் நீ வுழுந்துட்டன்னே நெனச்சேன்."

"வுழலியே."

"வுழல. அப்புறம் ஏன் முறுக்கறத வுட்ட?"

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "அது இழுக்கற இழுப்புக்கு கை பயந்துடுச்சு."

"பயந்துகினே ஓட்டி ஜெயிச்சுடுவியா?"

அவர் போனை எடுத்தார். "அண்ணே, எரநூத்தம்பதே எழுதிக்குங்க. சேச்சே, வூட்ல ஒண்ணும் சொல்லல. நானா எடுத்த முடிவு."

"நல்லா புளுவு," என்று அவள் சிரித்தாள்.

முதல் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கியரை மாற்ற, இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. அவள் கை தானாகப் போய் அவர் சட்டையைப் பிடித்தது.

"இங்கதான் கீறேன்," என்றார் அவர்.