சூடு தெரியாத கால்

சனிக்கிழமை. காலை ஒன்பது நாற்பது. குற்றாலத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில் ஆட்டோ நிற்கிறது. சீசன் கூட்டம். முன்னால் வேன். பின்னால் வேன். என் வலது கால் என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் மடியில் கிடக்கிறது. துண்டு சுற்றியிருக்கிறாள். துண்டைத் தாண்டி வாடை வருகிறது. டிரைவர் ஆரனை விடாமல் அமுக்குகிறார். பேச்சியம்மாள் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறாள்.

"ஏலே, வண்டிய ஒதுக்குங்கலே! ஆஸ்பத்திரிக்குப் போணும்!"

தலையில் எண்ணெய் வழிய நாலு பேர் வேனிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒதுங்கவில்லை. ஐம்பது நிமிஷம் ஆனது. காய்ச்சல் தூக்கிப் போட்டது. காலில் மட்டும் வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் ஷெல் விழும். முதலில் விசில். பிறகு ஒரு நொடி ஒன்றும் கேட்காது. பிறகு தரை குலுங்கும். அங்கிருந்து இரண்டு காலோடு என் ஊர் வடகரைக்கு வந்தேன். கால் போனது இங்கே, ஒரு லாட்ஜ் அறையில்.

எனக்குச் சர்க்கரை. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. குற்றாலத்தில் ஒரு வைத்தியன் சீசனுக்கு அறை எடுத்திருந்தான். இருபத்தொரு நாள் எண்ணெய் ஒத்தடம், பிறகு அருவியில் காலைக் காட்ட வேண்டும் என்றான். அருவித் தண்ணீரில் மூலிகை இறங்கி வருகிறது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். நம்பினேன். இன்சுலினை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன்.

தினமும் காலை ஆறரை. அடுப்பில் எண்ணெய் சடசடக்கும். துணியை முக்கி உள்ளங்காலில் வைப்பான்.

"சூடு தெரியுதா அண்ணாச்சி?"

"தெரியலயே."

"அப்பம் புண்ணு ஆறுதுன்னு அர்த்தம்."

பட்டாளத்துக்காரர் அசையாமல் இருக்கிறாரே என்று மற்ற நோயாளிகள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சர்க்கரையில் நரம்பு செத்தால் சூடு தெரியாது. தென்காசி டாக்டரம்மா சொல்லித்தான் அது தெரியும். உள்ளங்கால் வெந்து போயிருந்தது. பன்னிரண்டு நாள் அவன் வேகவைத்திருக்கிறான். நானும் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றே மதியம் இரண்டு மணிக்குக் காலை வெட்டினார்கள். முதுகில் ஊசி போட்டதால் விழிப்பு இருந்தது. ரம்பச் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் அக்கா சண்முகத்தாய் ஞாபகம் வந்தது. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் காலில் புண். சிவகிரியிலிருந்து அவளை அந்த அறைக்குக் கூட்டி வந்தவன் நான். நாலு நாள் ஒத்தடம் வாங்கி, எண்ணெய்ப் புட்டியோடு ஊர் திரும்பியிருந்தாள்.

"அக்காவத் தடுங்க! எண்ணெயக் கீழ ஊத்தச் சொல்லுங்க!"

நர்ஸ் வெளியே போய்ச் சொல்ல, பேச்சியம்மாள் போன் போட்டாள். அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் என்றார்கள். மறுநாள் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் ரத்தத்தில் விஷம் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். என்னைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினார்கள். போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது. எண்ணெய் மினுக்கு போகவில்லை.

புகார் கொடுத்தேன். அறை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. அடுத்த சீசனில் பெயர்ப்பலகையை மாற்றித் திறந்துவிட்டான்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். தினமும் காலை ஆறு மணிக்கு அவன் வாசலுக்கு எதிரே போடுகிறேன். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்துகிறேன். வேட்டியை மடித்துக் கட்டுகிறேன். வருகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். சொல்லுகிறேன். ஒருநாள் அவனே வெளியே வந்தான்.

"அண்ணாச்சி, எதுன்னாலும் உள்ள வந்து பேசுவோம்."

"உள்ள வந்துதாம்லே இப்படி இருக்கேன். நீ போய் அடுப்பப் பாரு."

விட்டுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் வருகிறார்கள். விட மாட்டேன். ஆள் வராமல் அவன் ஈ ஓட்டுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

போனது, முட்டிக்குக் கீழே என் வலது கால். அக்கா சண்முகத்தாய், வயது ஐம்பத்தெட்டு. கூட்டி வந்தது நான்.

இன்று வியாழக்கிழமை. பதினோரு பேர் வந்தார்கள். ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு பேர் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். மணி ஆறரை. எண்ணெய் சடசடக்கிறது.