சபையில் பேசிய ஜெர்மன்

— வேண்டான்னுட்டாகளாம்டி மஹ்ரீன். உங்கத்தா இப்பத்தான் கடையில இருந்து போன் பண்ணுனாக.

— யாரும்மா? சிவகாசிக்காரகளா?

— பெறகு? நேத்து நம்ம வீட்டு நெய்ச்சோறத் தின்னுட்டு, புள்ள தங்கம்னு ஒங் கன்னத்தக் கிள்ளிட்டுப் போனாகள்ல, அவுகதான்.

— அந்த மாமிக்கு என்னைய ரொம்பப் புடிச்சிருந்துச்சே!

— மாமிக்குப் புடிச்சுச்சு. மகனுக்குத்தான் தோதுப்படலையாம். ‘பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல, எனக்குத்தான் இப்பக் கல்யாணம் வேண்டாம்’னு அசாருதீன் தம்பி சொல்லிருச்சாம். பெத்த மனுசன், உங்கத்தாவுக்கு மனசே விட்டுப்போச்சு, பாவம்.

— அம்மா, ஒண்ணு சொல்லுவேன். அடிக்கக் கூடாது.

— சொல்லு தாயி. கையெல்லாம் மாவு, எங்கிட்டு அடிக்க?

— நேத்து மதுரைக் காலேசுல ஜெர்மன் படிக்கேன்னு பேச்சு வந்ததும், நீதான பேசிக் காட்டச் சொன்ன?

— ஆமா. மளமளன்னு பேசுன. ‘மாஷா அல்லா’ன்னு பொம்பளைக அம்புட்டுப் பேரும் சொன்னாக.

— என்னத்தப் பேசுனேன்னு நெனச்ச?

— எனக்கு என்னடி தெரியும்? விருதுநகரப் பத்தி இருக்கும், பரோட்டாவப் பத்தி இருக்கும்.

— இல்லம்மா. ‘எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். ரெண்டாம் வருசந்தான் நடக்கு. சென்னைல போயி அடுத்த கட்டப் பரீட்சை எளுதணும். வகுப்புல நீ ஒருத்திதான் தேறுவன்னு ஜெயச்சந்திரன் சார் சொல்லிருக்காரு. எங்கத்தா வாக்குக் குடுத்துட்டாக, அவுக மொகத்தப் பாத்துச் சொல்லத் தைரியம் இல்ல. உங்களுக்குப் புரியாதுங்கிற தைரியத்துலதான் சொல்றேன், மன்னிச்சுக்கோங்க’ன்னு சொன்னேன்.

— அம்புட்டையும் சிரிச்ச மூஞ்சியாவா சொன்ன?

— சிரிக்காட்டிக் கண்டுபுடிச்சிருவாகளே! நடுவுல ஒரு வார்த்த வேற மறந்துபோச்சு. அதுக்கும் சேத்துச் சிரிச்சேன்.

— அடி கள்ளி! அந்த மாமி ஒந்தலையில கை வச்சு துஆ கேட்டுச்சேடி.

— அதாம்மா மனசு கெடந்து அடிக்கிது. பெரியவுக முன்னாடி இப்படிப் பண்ணுனதுக்குத்தான் அத்தாவுக்குத் தலைக்குனிவு வந்துருச்சோ? கடைக்குப் போயி அவுககிட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன்.

— வாயத் தொறந்த, தெரியும் சேதி! அந்தப் பக்கம் இருந்து வேண்டாம்னு வந்தா உங்கத்தா ரெண்டு நா மொணங்குவாக, பெறகு மறந்துருவாக. குடுத்த வாக்க நாம மீறுனோம்னா பஜார்ல தலை நிமித்தி நடக்க மாட்டாக. அவுக கொணம் எனக்குத் தெரியும்.

— ஆனா அவரு ஏம்மா வேண்டாம்னாரு? என்னையப் பாக்கவே இல்லையே. தெரைக்கு அங்கிட்டு ஆம்பளைகளோடதான இருந்தாரு.

— பாக்கத்தான் இல்ல. காது கேக்கும்ல?

— கேட்டு? என்ன புரிஞ்சிருக்கும்?

— ‘பரீட்சைய நல்லா எளுதச் சொல்லுங்க’ன்னு உங்கத்தாகிட்டச் சொல்லிவிட்டிருக்கு. எந்தப் பரீட்சைன்னு உங்கத்தா என்னையக் கேக்காக.

— ஐயோம்மா! அவருக்கு எப்படித் தெரியும்? அவரு அச்சாபீஸ்லதான வேலை பாக்காரு?

— அந்த அச்சாபீஸ்ல பெரிய மெசினெல்லாம் ஜெர்மனில இருந்து வந்தது. அத ஓட்டப் பளகுறதுக்கு முதலாளி ஒரு வருசம் அந்தத் தம்பிய அங்கனதான் அனுப்பி வச்சிருந்தாராம்.

— இது எப்பம்மா உனக்குத் தெரியும்?

— போன மாசமே தெரியும். ஒம் மனசுல கெடக்குறதும் தெரியும். யாருக்கும் புரியாதுன்னா நீ உள்ளதக் கொட்டிருவன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதானடி ஒன்னைய ஜெர்மன்ல பேசச் சொன்னேன்.