செவுத்துக்குள்ள ஒரு சத்தம்

— ரப்பர் மட்டும் வேண்டாங்க ஆண்டனி தம்பி. இந்த ரெண்டாவது கரண்டு காத்தாடிய மாட்டுங்க, போல்ட்ட முடுக்குங்க, அவ்வளவு போதும்.

— அப்படி மாட்டப்படாதுங்க்கா. கம்பத்துக்கு அடியில ரப்பர் கட்டை வெக்கலைன்னா, மேல சுத்தறது அத்தனையும் செவுத்துல எறங்கும். ஊடே உம்முனு கெடக்கும்.

— கெடக்கட்டும்.

— என்னங்க்கா இது, வெள்ளக்கடை ஊருக்குள்ள நான் மாட்டுன ஊட்டுலயெல்லாம் சத்தம் வருதுன்னுதான் சண்டைக்கு வருவாங்க. சத்தம் வேணுங்கற மொத ஆளு நீங்கதான்.

— ஏணிய இப்படிச் சாச்சு வெய்யிங்க, அந்தப் பக்கம் பாசி வழுக்கும். மொதக் காத்தாடி வந்தப்ப எனக்கும் புடிக்கலீங்க. மஞ்சு மூடுனா சோலார் தூங்கிருது. காத்தடிச்சா கெளை முறிஞ்சு லைன் மேல வுழுந்து கரண்டு போயிருது. அந்தக் காத்துலயே வெளக்கெரிச்சுக்கலாம்னு எங்கூட்டுக்காரருதான் வாங்கியாந்தாரு.

— மாதையண்ணனா? அவரு ஓட்டற ஜீப்புல ஏறுனா ஒரே பேச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்.

— அது ஊருக்குங்க. ஏரியில இருந்து சேர்வராயன் கோயில் வரைக்கும் டூரிஸ்ட்டுங்ககிட்டப் பேசிப் பேசி, ஊட்டுக்கு வர்றப்ப வாயி காலியாயிருக்கும். கொழம்புல உப்பு இல்லைன்னாக்கூட சொல்ல மாட்டாரு, தானா எந்திரிச்சுப் போயி போட்டுக்குவாரு. படுத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. கண்ணாலமான நாள்ல இருந்து அந்த முதுகத்தான் பாத்துட்டுக் கெடந்தேன்.

— அந்தப் பெரிய ஸ்பேனர இப்படிக் குடுங்க்கா.

— இந்தாங்க. காத்தாடி மாட்டுன பொறவு ஒருநாளு ராத்திரி, ‘ஏம்புள்ள கலாவதி, தூங்கிட்டியா? செவுத்துக்குள்ள உம்முங்குது, எனக்குத் தூக்கமே வரல’ன்னுட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரு.

— உங்களுக்குக் கேட்டுச்சா?

— எனக்குக் காத்தும் அதும் ஒண்ணாத்தான் கேக்குது. சில்வர் ஓக்கு மரமெல்லாம் அந்த இரைச்சல் இரையுதே. அவருக்குத்தான் கேக்குதாம். அன்னிக்குப் புடிச்ச பேச்சு, இன்னும் ஓயல. சின்னதுல மேகத்தப் புடிச்சு டிபன் பாக்ஸ்ல மூடிப் பள்ளிக்கொடத்துக்குக் கொண்டு போனாராம். அங்க போயித் தெறந்தா மேகத்தக் காணமாம், மூடி மட்டும் நனஞ்சிருந்துச்சாம். அதச் சொல்றப்ப அவரு கொரலே வேற மாதிரி ஆயிருதுங்க.

— அண்ணனா இதெல்லாம்?

— இன்னுங் கேளுங்க. ‘காத்தாடி இன்னும் நொம்ப வேகமாச் சுத்துச்சுன்னா ஊடு அப்படியே கெளம்பிரும் புள்ள. சேலத்து வெளக்கெல்லாம் நம்ம பாய்க்குக் கீழ மினுக்கும், நீ பயந்துக்காத’ங்கறாரு. ஏனுங்க, அப்பக் கோழிங்கள என்ன பண்றதுன்னு கேட்டேன். கூண்டோட கயித்துல கட்டி இழுத்துட்டுப் போலாங்கறாரு.

— கோழியும் பறக்குதா. நல்லாருக்குது.

— சிரிக்காதீங்க தம்பி. அரைத் தூக்கத்துல கேக்கறப்ப, நெசமாவே பாய் ஆடற மாதிரி இருக்குது. அந்தச் சத்தம் நின்னு போச்சுன்னா அவரு மறுபடியும் திரும்பிப் படுத்துக்குவாரு. முதுகுகிட்ட நான் என்ன பேசறது? அதுக்குத்தான் சொல்றேன், இந்தப் புதுசுக்கு ரப்பர் வேண்டாம். அவரு கேட்டா வெச்சாச்சுன்னு சொல்லிப்போடுங்க. பழசையும் தொட்டுப்போடாதீங்க.

— பழசுல நான் தொடறதுக்கு... இருங்க்கா.

— என்னங்க?

— இந்தப் பழசுக்கு அடியிலதான் ரப்பர் இருக்குதே.

— யாரு வெச்சா? நீங்க அன்னிக்கு வெறும் போல்ட்டுதானுங்களே போட்டீங்க.

— ஆமா, அன்னிக்குக் கைவசம் ரப்பர் இல்ல. இப்பத்தான் நெனப்பு வருது. மாட்டுன மறுவாரமே அண்ணன் கடைக்கு வந்து ரப்பர் வாங்கிட்டுப் போனாரு. நீங்க காப்பிப் பழம் பறிக்கப் போன நேரத்துல அவரே மாட்டியிருக்கோணும். அப்ப இருந்து இந்தச் செவுத்துல ஒரு பொட்டுச் சத்தம் எறங்கியிருக்காதுங்க்கா.