பேர் சொல்லிக் கூப்பிடுற காலேஜ்

— ...மொத்தமே ஆயிரத்து இருநூறு பேர். அதுக்குப் பேர் காலேஜா, கோரா? எங்க பல்கலைக்கழகத்துல ஒரு ஹாஸ்டல்லயே அத்தனை பேர் இருக்காங்க.

— சிரிக்காதீங்கப்பா. ஜனவரியிலேர்ந்து நான் அங்கதான்.

— இங்க சேர்ந்து ஒரு செமஸ்டர்கூட முழுசா முடியலை... அந்தச் சோளக்காட்டு நடுவுல அப்படி என்ன இருக்கு?

— வகுப்புக்குப் பதினாலு பேர். ஒரே மேசையைச் சுத்தி உக்காந்து பேசறாங்க.

— பேசறாங்களாம். இங்க நாங்க புதுசு புதுசாக் கண்டுபிடிக்கிறோம். அங்க அதைப் படிச்சுட்டு, வாத்தியார் வீட்டுல போய் சூப் குடிப்பாங்க.

— காலேஜைச் சுத்திப் பாக்கப் போனப்ப நானும் குடிச்சேன். பூசணிக்காய் சூப். ஊத்தின ப்ரொஃபசரம்மா ஒரு தடவைதான் பேர் கேட்டாங்க. அடுத்த நாள் தூரத்துலயே பாத்து, ‘கோரா’ன்னு கூப்பிட்டாங்க.

— பேர் தெரிஞ்சாப் போதுமா? ஆராய்ச்சி பண்றவன் ஐந்நூறு பேரை ஞாபகம் வெச்சுக்க முடியுமா? பேப்பர் திருத்தறது, சந்தேகம் தீர்க்கறது... அதெல்லாம் எங்ககிட்ட பிஎச்.டி. பண்ற பசங்க பாடு.

— தெரியும்பா.

— நான் உனக்கு என்ன குறை வெச்சேன்? உங்கம்மாவும் நானும் பிரிஞ்சப்புறம்கூட, உன் பிறந்த நாளுக்குப் பரிசு தவறினதுண்டா?

— தவறினதில்லை.

— அப்புறம்? இங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா? எந்த வாத்தியார்னு சொல்லு, நான் பேசறேன்.

— ஒருநாள் கை தூக்கினேன். எரிமலைக் குழம்பு சில மலையில மட்டும் ஏன் மெதுவா வழியுதுன்னு கேட்டேன். ‘கடைசி வரிசை, பச்சைத் தொப்பி... அதை பிஎச்.டி. பண்ற பசங்ககிட்ட கேளு’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க.

— எரிமலையா? நீ இலக்கியம்னுல்ல உங்கம்மா சொன்னா...

— அம்மாவுக்கும் தெரியாது. செவ்வாயும் வியாழனும், காலையில பத்து மணி.

— கோரா... அது என் வகுப்பு.

— ஆமா. நீங்க வீட்டை விட்டுப் போனப்புறம், வாரத்துக்கு ரெண்டு தடவை உங்களைப் பாத்தது இப்பதான்.

— ஐந்நூறு பேர்ம்மா... மேடை வெளிச்சம் வேற கண்ணைக் கூசும். உங்கம்மா குடும்பப் பேர்ல பதிஞ்சிருப்பே. தலையில தொப்பி... நான் எப்படி அடையாளம்...

— அடையாளம் தெரியட்டும்னுதான் ஒவ்வொரு வகுப்புக்கும் போட்டுட்டு வந்தேன். என் பிறந்த நாளுக்கு நீங்க அனுப்பின தொப்பிதான்பா அது.

— நானா... தொப்பியா அனுப்பினேன்?