கோணல் கட்டை

ஜெபஸ்டின்: இந்தத் துப்பாக்கி கோணலா இருக்கு பாய். கண்ண மூடிக்கிட்டுப் பாத்தாலும் கோணல் தெரியுது.

மைதீன்: கண்ண மூடிக்கிட்டா எப்படி சார் பாப்பிய?

ஜெபஸ்டின்: அந்த அளவுக்குக் கோணல்ங்கேன். குழல் ஜங்ஷனப் பாத்துப் போகுது, தோள்ல வைக்க கட்டை மார்க்கெட்டப் பாத்துப் போகுது. ஏட்டி ரீபா, அதக் கீழ வை.

ரீபா: இருங்கப்பா... பாத்துக்கிட்டுதான இருக்கேன்.

ஜெபஸ்டின்: வந்ததுலருந்து அதையேதான் பாக்குத. மேசையில இன்னும் ரெண்டு கெடக்குல்லா? பாய், துப்பாக்கிக் கடைக்காரர் நீங்களே சொல்லுங்க. காலேஜ்ல படிக்க பிள்ள. மண்ணுத் தட்ட வானத்துல பறக்க விட்டுச் சுடுத போட்டிக்குப் போறா. பழசானாலும் பரவாயில்ல. எது நல்லது?

மைதீன்: தட்டையா சுடுதா?

ஜெபஸ்டின்: அதான் எனக்கும் வெளங்கல. வீட்டுல ஒரு பீங்கான் தட்டு ஒடஞ்சா இவ அம்மை சாரம்மா ஊரக் கூட்டுதா. இவளுக்குத் தட்டு ஒடைக்கதுக்குன்னே போட்டி.

மைதீன்: அப்ப இதப் பாருங்க. பக்கத்துல பக்கத்துல ரெட்டைக் குழல். கனமே இல்ல. விலையும் கம்மி.

ஜெபஸ்டின்: ஆங்... இது துப்பாக்கி. இதக் கட்டுங்க.

ரீபா: யப்பா, இது தோட்டத்துல பன்னி வெரட்டுத துப்பாக்கி.

ஜெபஸ்டின்: பன்னியவே வெரட்டுதது தட்ட வெரட்டாதா?

ரீபா: கனம் இல்லன்னா உதைக்கும்பா. பன்னிக்கு ஒரு வெடி, ரெண்டு வெடி. எனக்குக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் வெடி. தோள் கழண்டு போயிரும்.

மைதீன்: பாப்பா சொல்லுதது சரிதான் சார். இந்தா, வள்ளியூர்லருந்து வந்தது. குழல் மேல ஒன்னு, கீழ ஒன்னு. நல்ல கனம். போட்டிக்காரவுக இததான் கேக்காவ.

ஜெபஸ்டின்: கட்டை நேரா இருக்கா?

மைதீன்: நீங்களே பாருங்க, நூல் பிடிச்சாப்ல இருக்கு.

ஜெபஸ்டின்: ரீபா, வாங்கிப் பாரு... என்னத்தட்டி பிரிக்க? ஒடச்சிராத!

ரீபா: ஒடைக்கல. முன்கட்டையக் கழட்டிட்டு ஆட்டிப் பாக்கேன். கீல் தேஞ்சிருந்தா லொடலொடன்னு ஆடும்.

ஜெபஸ்டின்: ஆடுதா?

ரீபா: ஆடல.

ஜெபஸ்டின்: குழலுக்குள்ள என்னத்த எட்டிப் பாக்க?

ரீபா: துரு அரிச்சிருக்கான்னு... இல்ல. சுத்தமா இருக்கு. வெளியவும் நெளிவு இல்ல.

ஜெபஸ்டின்: அப்ப எல்லாம் சரி. பாய், இதயே முடிச்சிருவோம்.

ரீபா: வேண்டாம்பா.

ஜெபஸ்டின்: ஏன்?

ரீபா: அது... கன்னத்துல இடிக்கும்.

ஜெபஸ்டின்: சுடாமலே எப்படி இடிக்கும்?

ரீபா: நான் சுட்டுப் பழகுத கிளப்புத் துப்பாக்கியும் இதே மாதிரிதான். அதுல இடிச்சு இடிச்சுத்தான் எனக்குக் குறி தப்புது. கோச் என்ன சொன்னாவ? சொந்தமா ஒன்னு கொண்டு வா, இல்லன்னா மாநிலப் போட்டிக்கு வேற பிள்ளைய அனுப்பிருவேன்னு சொன்னாவல்லா?

ஜெபஸ்டின்: அதுக்குத்தானட்டி அலையா அலைஞ்சு லைசென்ஸ் வாங்கி இங்கன வந்து நிக்கோம்? நல்லது வேண்டாம்னு சொல்லுத, கோணல்தான் வேணும்னு சொல்லுத. எனக்கு ஒன்னும் வெளங்கல பாய்.

மைதீன்: எனக்கும்தான் வெளங்கல. அது அம்பாசமுத்திரத்துல ஒரு டாக்டர் வச்சிருந்தது. தொடச்சுத் தொடச்சுப் பிள்ள மாதிரி வச்சிருந்தாரு. எப்படிக் கோணுச்சுன்னுதான் தெரியல. வெயில்ல கெடந்துச்சோ, மழையில நனைஞ்சுதோ... எடுத்துப் பாக்கவுக எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கீழ வச்சிருதாவ.

ரீபா: அப்ப விலையக் கொறைப்பியல்லா மைதீன் மாமா?

மைதீன்: வள்ளியூர்த் துப்பாக்கி விலையில பாதிக்கு எடுத்துக்கிடும்மா. கடைய விட்டுப் போனாப் போதும்.

ஜெபஸ்டின்: பாதியா?

மைதீன்: பாதிதான் சார்.

ஜெபஸ்டின்: ம்... யோசிச்சுப் பாத்தா, சுடுதது குழல்தான? கட்டையா சுடுது?

மைதீன்: அதச் சொல்லுங்க!

ஜெபஸ்டின்: சரி. இதயே எடுத்துக்கிடுதோம்.

ரீபா: யப்பா! நெசமாவா?

ஜெபஸ்டின்: குதிக்காத, கையில துப்பாக்கி இருக்கு. பாய், ஒன்னே ஒன்னு. கட்டைய ஆசாரிகிட்டக் குடுத்து நிமித்திரணும். ஆள் இருக்கா?

மைதீன்: நம்ம அம்மையப்பன் ஆசாரி இருக்காருல்லா? எண்ணெய் தடவி, ஆவி காட்டி, பைய அமுக்கினாருன்னா நேரா நின்னுரும்.

ரீபா: அய்யோ, வேண்டாம்!

ஜெபஸ்டின்: ஏட்டி! எதுக்குக் கத்துத?

ரீபா: நிமித்த வேண்டாம்பா. அப்படியே இருக்கட்டும்.

ஜெபஸ்டின்: பாதி விலைக்குக் கெடைக்கு, நேராவும் ஆகுது. அதுல உனக்கு என்ன நட்டம்?

ரீபா: நேரானா... கெட்டுப் போயிரும்.

ஜெபஸ்டின்: நேரானாக் கெட்டுப் போக இது என்ன ஜிலேபியா?

மைதீன்: பாப்பா, எனக்குத் தல சுத்துது. வேணும்னு சொல்லுத, கோணலாவே வேணும்னு சொல்லுத... என்னம்மா வெசயம்?

ரீபா: மாமா... அந்த டாக்டர் எந்தக் கையால மருந்துச் சீட்டு எழுதுவாவ?

மைதீன்: அத எதுக்கு இப்பக் கேக்க? இரு... இதக் குடுக்க வந்த அன்னைக்கு, இங்கன நின்னு கையெழுத்துப் போட்டாவ... பேனாவ வாங்கி... யா அல்லா! பீச்சாங்கை. ஆமா, பீச்சாங்கையாலதான் போட்டாவ. அதுக்கும் இதுக்கும் என்ன... ஓ!

ஜெபஸ்டின்: என்ன ஓ?

மைதீன்: ஒன்னுமில்ல சார். டீ சொல்லட்டுமா?

ஜெபஸ்டின்: டீ கெடக்கட்டும். ரெண்டு பேரும் கண்ணால என்ன பேசுதிய?

ரீபா: அது கோணல் இல்லப்பா. பீச்சாங்கைக்காரவுகளுக்குன்னே வளைச்சுச் செஞ்சது.

ஜெபஸ்டின்: அத நீ எதுக்கு வாங்குத? நீ சோத்தாங்கைக்காரியாச்சே.

ரீபா: மூணாப்புலருந்துதான்பா சோத்தாங்கைக்காரி. அதுக்கு முன்னால?

ஜெபஸ்டின்: அதத்தான் மாத்தியாச்சுல்லா! கையக் கர்ச்சீப்பால கட்டிவச்சு, நீ அழ அழ எழுத வச்சு... அதுக்கு உங்கம்மை எங்கூடப் பேசாமக் கெடந்து... மாத்தியாச்சு.

ரீபா: எழுதுததுக்கு மாறிட்டேன். சாப்பிடுததுக்கு மாறிட்டேன். சர்ச்ல திருவிருந்து அப்பம் வாங்குததுக்கும் மாறிட்டேன். இதுக்கு மட்டும் மாற முடியலப்பா. எடது கண்ணுதான் எனக்குக் குறி பாக்குது.

ஜெபஸ்டின்: சோத்தாங்கையாலதான் சுடுதேன்னு சொன்னியே?

ரீபா: பொய். சொல்லலன்னா நீங்க கிளப்புக்கே விட்டிருக்க மாட்டிய. மொத நாள்லருந்து எடது தோள்தான்.

ஜெபஸ்டின்: பாய், இவ என்ன சொல்லுதா? அப்ப அந்த வள்ளியூர்த் துப்பாக்கி நேரா இருக்கே, அது...

ரீபா: அதுவும் வளைவுதான்பா. சோத்தாங்கைப் பக்கம் வளைஞ்சிருந்தா எல்லாருக்கும் நேராத் தெரியுது.

மைதீன்: அடடா! இத்தன வருசம் ஏவாரம் பாத்தும் எனக்கே இது தெரியாமப் போச்சே சார்!

ஜெபஸ்டின்: நீரு சும்மா இரும் வே. ரீபா, நாளைக்குப் போட்டோ எடுப்பாவ. பேப்பர்ல போடுவாவ. பாளையங்கோட்டையே பாக்கும். ஜெபஸ்டின் மக பீச்சாங்கையால நிக்கான்னு...

ரீபா: ஜெயிச்சாத்தானப்பா போட்டோ? வள்ளியூர்த் துப்பாக்கியோட போனா போட்டோவும் இல்ல, போட்டியும் இல்ல. கோச் சொல்லிட்டாவ.

ஜெபஸ்டின்: பழகினா வராதா? கொஞ்சம் முயற்சி பண்ணினா...

ரீபா: ஒரே ஒரு தடவ இத நீங்க தூக்கி வச்சுப் பாருங்கப்பா. உங்களுக்கு இது இடிக்கும். கழுத்த ஒடிச்சுக்கிட்டுத்தான் குறி பாக்கணும். மத்த துப்பாக்கியில எனக்கும் அப்படித்தான் இருக்கும். அது மட்டும் உங்களுக்கு வெளங்கினாப் போதும். அப்பறம் ஆசாரிகிட்டக் குடுக்கணும்னாலும் குடுங்க.

ஜெபஸ்டின்: நான் இதெல்லாம் கையால தொட்டதே இல்லட்டி.

மைதீன்: உள்ள தோட்டா இல்ல சார். பயப்படாம எடுங்க. தோள்ல வச்சு, கன்னத்தச் சாச்சு, அந்தா செவத்துல காலண்டரப் பாருங்க.

ஜெபஸ்டின்: ... ம்.

ரீபா: இடிக்கா?

ஜெபஸ்டின்: ... இல்ல.

மைதீன்: கழுத்து வலிக்கா சார்?

ஜெபஸ்டின்: இல்ல பாய்... நேரா இருக்கு. சொகமா இருக்கு. தேதி மேல போய் நிக்குது.

ரீபா: எப்படி? உங்களுக்கு இடிக்கணுமே...

மைதீன்: சார்...

ரீபா: யப்பா... எந்தத் தோள்ல வச்சிருக்கிய?

மைதீன்: சார், நீங்க...

ஜெபஸ்டின்: ஆசாரி வேண்டாம் பாய், அப்படியே கட்டிக் குடுங்க... ரீபா, எங்கப்பா என் பீச்சாங்கையக் கட்டிப் போட்டது எழுதுததுக்கும் சாப்பிடுததுக்கும்தான்ட்டி. துப்பாக்கிக்கு யாரும் கட்டிப் போடல.