தோற்பதற்கும் ஒரு படை வேண்டும்

அவைக்குத் தலைமை ஏற்று, பக்கத்தில் நிற்கும் புதுக் கண்ணாடி அலமாரியைப் போலவே பளபளவென்று வீற்றிருக்கும் மன்றத் தலைவர், மருந்துக்கடை உரிமையாளர் அவர்களே! மேடைக்கு வந்தும் அளவு நாடாவை இடுப்பிலிருந்து கழற்றாத செயலாளர் அவர்களே! பெருவிரல் உயரப் படைகளுக்குப் பேரரசர்களாய்த் திகழும் மன்ற உறுப்பினர்களே! வயதில் மூத்த பெரியோர்களே! அந்தப் பேரரசர்களின் சட்டையில் படிந்த பெயின்ட் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்த தாய்மார்களே! முன்வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்து உட்கார்ந்திருக்கும் என் அருமைத் தம்பியே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா, போதும்” என்றார் செயலாளர். பேருந்து நடத்துநரிடம் போய் யாராவது இரண்டு வார்த்தை என்று சொல்வார்களா? “உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்பதே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுமே! போதாக்குறைக்கு நான் தொழிற்சங்க மேடைகளில் தொண்டையைத் தீட்டியவள். ஒலிபெருக்கித் தம்பி, சத்தத்தைக் குறைக்க வேண்டாம். குறைத்தாலும் கேட்கும்.

இன்று முதன்முறையாக இந்த அரங்குக்கு வந்திருக்கும் விருந்தினர்கள் என்ன நினைப்பீர்கள்? நரை விழுந்த மனிதர்கள் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்றுதானே? சொல்கிறேன். வார இறுதியில் இந்தப் பெரிய மேசை போர்க்களமாகும். தெர்மாகோல் மலையாகும், ஸ்பாஞ்சு மரமாகும், உலர்ந்த பசை ஆறாகும். பகடை உருளும், படை நகரும். சிப்பாய் எத்தனை விரற்கடை நடக்கலாம் என்று நாடா வைத்து அளப்பார்கள். மலைக்குப் பின்னால் நிற்பவனின் தலை தெரிகிறதா இல்லையா என்று மண்டியிட்டு, மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். “தெரியுது!” “எங்கய்யா தெரியுது? அது தொப்பி!” “தொப்பிக்குக் கீழ தலை இல்லாமலா இருக்கும்?” பத்திரப்பதிவு அலுவலகத்தில்கூட இவ்வளவு சண்டை நடக்காது. மாலை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொரு முகத்திலும் பத்து வயது குறைந்திருக்கும். அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு நிறம் கொடுத்தவன் யார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்!

என் தம்பிக்குப் பல் கட்டும் கூடத்தில் பணி. போலிப் பல்லுக்கு நிறம் சேர்ப்பான். பகலில் பல், பொழுது சாய்ந்தால் படை. இதுதான் அவன் பிழைப்பும் பிரியமும். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, சன்னலோர மேசையில் உட்காருவான். மருந்துப் புட்டி மூடியின் மேல் ஒரு சிப்பாயை ஒட்டி நிறுத்துவான். மூடியைப் பிடித்துக்கொண்டால் பொம்மையின் மேல் விரல் படாதாம். பெயின்டை நீர்க்கக் கரைத்துத் தொட்டு வைப்பான்; அது சட்டை மடிப்புக்குள் தானே ஓடி நிழலாய்த் தங்கும். அதைப் பார்த்துவிட்டு, எதையோ ஜெயித்தவன் மாதிரி தலையாட்டிக்கொள்வான்.

தேநீர்க் கோப்பையும் தூரிகை கழுவும் கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எத்தனை முறை தேநீரில் தூரிகையைக் கழுவிவிட்டு, பெயின்ட் கரைந்த தண்ணீரைக் குடித்திருக்கிறான்! சிரிக்கிறீர்களா? இந்த அரங்கில் அப்படிக் குடிக்காத உறுப்பினர் ஒருவர் இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். இல்லையே! அப்படியானால் அடக்கிச் சிரியுங்கள்.

கண்ணுக்குப் புள்ளி வைக்கும் நேரம் மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வான். அடுப்படியில் நானும் பாத்திரத்தைக் கழுவாமல் நிற்பேன். புள்ளி விழுந்ததும் மூச்சை விட்டு, “பாத்துட்டான்க்கா!” என்பான். சிப்பாய் பார்த்துவிட்டானாம்! கடுகில் பாதி இல்லாத அந்தக் கண்ணால் உலகத்தைப் பார்த்துவிட்டானாம்! அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே, நாளெல்லாம் சில்லறைச் சண்டை போட்ட களைப்போடு நான் காத்து நிற்பேன்.

இந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு. மேசைக்கு மேலே பலகையில் எழுதியிருக்கிறது, பாருங்கள்: “பூசாத படை மேசை ஏறாது.” பெயின்ட் பூசாத சிப்பாயை ஆட்டத்தில் இறக்கக் கூடாது. நல்ல விதி. இல்லாவிட்டால் ஆளாளுக்குச் சோடா மூடியைக் கொண்டுவந்து குதிரைப்படை என்பார்கள். இந்த விதியைக் கொண்டுவந்தவன் யார் தெரியுமா? என் தம்பி! அந்தப் பலகையின் எழுத்தும் அவன் எழுத்துதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே பிறர் விறகு போட்டல்லவா சுட்டது!

எப்படி என்று கேட்கிறீர்களா? விதி வந்ததும் எல்லோருக்கும் பூசின படை வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொறுமை இருந்ததா? தலைவர் வந்தார். “தம்பி, இந்தக் குதிரைங்கள மட்டும் முடிச்சுக் குடுங்க, அடுத்த வாரம் ஆட்டம் இருக்கு” என்றார். முடித்துக் கொடுத்தான். செயலாளர் வந்தார். “உங்க கை பட்டாத்தாங்க அது படை” என்றார். கை பட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலில் செருப்பு இல்லாத நாளே இல்லை. ஒருவருக்கு வில்லாளிகள், ஒருவருக்கு வேலாளிகள், ஒருவருக்கு முரசு அடிப்பவன் மட்டும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் என் தம்பி. ஊரார் படையெல்லாம் வண்ணம் பூண்டது! ஊரார் கொடியெல்லாம் ஒளி வீசியது! ஊரார் குதிரையெல்லாம் உயிர் பெற்றது! அவன் படை?

அவன் படை கட்டிலுக்கு அடியில், அட்டைப்பெட்டியில், அடிப்பூச்சுச் சாம்பல் நிறத்தோடு படுத்துக் கிடந்தது. கண் இல்லாமல் கிடந்தது. “இவர் வேலை முடியட்டும், நம்மளது அப்புறம்” என்பான். அந்த அப்புறம் வரவேயில்லை. பூசாத படை மேசை ஏறாது அல்லவா? அதனால் அவன் மேசையோரம் நின்றான். அடுத்தவர் ஆட்டத்துக்கு நாடா பிடித்தான், தகராறு வந்தால் தீர்ப்புச் சொன்னான், ஆட்டம் முடிந்தால் மலையையும் மரத்தையும் எடுத்துவைத்தான். ஆண்டுக்கணக்காக இந்த மன்றத்தில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாத ஒரே உறுப்பினர் என் தம்பி. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தீர்கள்?

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காபிக் கரண்டி, அப்புறம் சட்டைப் பொத்தான், அப்புறம் தூரிகை. நரம்புக் கோளாறு, கூடுமே தவிரக் குறையாது என்றார் மருத்துவர். பல் கூடத்தில் கணக்கு எழுதும் நாற்காலிக்கு மாற்றினார்கள். அந்தப் பேனாவும் நடுங்கியது. சன்னலோரத்தில் ஒரு சிப்பாயின் கண்ணுக்குப் புள்ளி வைக்கப் போய், முகம் முழுக்கக் கறுப்பை இழுத்துவிட்டான். “இவன் இனிமே பாக்க மாட்டான்க்கா” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் இந்த மன்றத்துக்கு வந்தேன். கெஞ்சியே கேட்டேன், “ஒரு தடவை, ஒரே தடவை, அவனோட சாம்பல் படைய மேசையில விடுங்க. ஆசை தீர ஆடட்டும்.” தலைவர் என்ன சொன்னார்? “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா. அதுவும் உங்க தம்பி கொண்டு வந்த விதி.” சரி, அப்படியானால் ஆளுக்குக் கொஞ்சம் பூசிக் கொடுங்கள் என்றேன். ஒருவர், “நான் பூசினா கெட்டுடும்க்கா, அவர் படைக்கு அவமானம்” என்றார். இன்னொருவருக்குக் கண்ணில் புரையாம். மற்றொருவர்தான் உண்மையைச் சொன்னார்: “அவர் கை நடுங்குதுல்லக்கா... எங்க பொம்மைய தட்டிவிட்டா பெயின்ட் உதிர்ந்துடும்.”

கேட்டீர்களா? பெயின்ட் உதிர்ந்துவிடுமாம்! யார் பூசிய பெயின்ட்?

கைதட்ட வேண்டாம். நான் கைதட்டலுக்குப் பேசவில்லை, எனக்குக் கோபம். இந்த மன்றத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. ஆட்டத்தில் ஒரு சிப்பாய் வீழ்ந்தால் யாரும் அவனைத் தள்ளிவிடுவதில்லை. எதிராளி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். வீழ்ந்த பொம்மைக்கு இரண்டு கை நீட்டும் சான்றோரே! வீழ்ந்த மனிதனுக்கு ஒரு விரலாவது நீட்டினீர்களா?

நீட்டினீர்கள். அலமாரி செய்தீர்கள். அவன் பூசியவற்றில் சிறந்தவற்றை உள்ளே வைத்துப் பூட்டி, இன்று திறப்பு விழா என்று என்னை அழைத்தீர்கள். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தேன். “மன்றத் தலைவரின் நீலக் குதிரைப்படை” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பூசியவன் பெயர் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், பெயருக்காகவா பூசினான்?

துண்டுச்சீட்டு வருகிறது. “நேரம் ஆகிறது.” ஆமாம் ஐயா, என் தம்பிக்கும் நேரம் ஆகிறது. அதனால்தான் பேசுகிறேன்.

நீங்கள் கைவிரித்த மறுநாள், அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பேருந்துப் பணிமனைக்குப் போனேன். ஓய்வறை மேசையில் கொட்டினேன். ஓட்டுநர்கள் வந்தார்கள், நடத்துநர்கள் வந்தார்கள், எஞ்சின் எண்ணெய் அப்பின கையோடு பழுது பார்ப்பவர்கள் வந்தார்கள். “என்னக்கா இது, சங்கத்துக்குப் புது உறுப்பினர்களா?” என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் விதி பேசவில்லை. வண்டி கிளம்பும்வரை ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேருந்துக்கு அடிக்கும் சிவப்பும் மஞ்சளும்தான் வண்ணம். ஒருவனுக்கு மீசை காதுவரை போயிற்று. ஒருவனுக்குக் கன்னத்தில் கண். டயர் மாற்றுபவர் தன் பங்குச் சிப்பாய்க்குத் தோளில் டிக்கெட் பை வரைந்துவிட்டார். கடைசியில் வார்னிஷ் அடிக்கும் வேலை என்னுடையது. மழை கொட்டிய நாளில் வாசலில் வைத்து அடித்தேன். ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. காய்ந்து பார்த்தால் படை முழுக்க வெள்ளை வெளேரென்று மூட்டம் பிடித்துவிட்டது.

பயந்து பயந்து அவன் முன்னால் வைத்தேன். நடுங்கும் கையால் ஒவ்வொருவனையும் எடுத்து எடுத்துப் பார்த்தான். “மழையிலயா வார்னிஷ் அடிச்ச?” என்றான். “ஆமாடா, கெடுத்துட்டேன்” என்றேன். கன்னத்தில் கண் இருந்தவனை வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பிடித்திருந்தான். பிறகு சொன்னான், “பாத்துட்டான்க்கா. கோணலா பாக்குறான், ஆனா பாக்குறான்.” அதற்கு அடுத்து அவன் கேட்டதுதான் என்னை இந்த மேடை ஏற்றியது: “இவங்கள மேசையில விடுவாங்களா?”

இதோ, அந்தப் பெட்டி. இதோ, அந்தப் படை. தலைவர் அவர்களே, தள்ளி உட்காராதீர்கள், பாருங்கள்! பூசாத படை மேசை ஏறாது என்கிறது பலகை. அழகாய்ப் பூசாத படை என்றா இருக்கிறது? இந்தப் படை பூசிய படை! கோணலாய்ப் பூசினாலும் பூசிய படை! மூட்டம் பிடித்தாலும் பூசிய படை! ஊர் தூக்கத்திலிருந்து விழிக்கும் முன்னே வண்டி எடுக்கும் கைகள் பூசிய படை!

அவன் கை நடுங்குமே என்கிறீர்களா? நடுங்காத கை வேண்டியது தூரிகைக்குத்தானே! பகடையை உருட்ட நடுங்கும் கை போதாதா? அவன் இடம் சொல்லட்டும், சிப்பாயை நான் நகர்த்துகிறேன். ஓடும் வண்டியில் நின்றுகொண்டே சில்லறை எண்ணியவள் நான், உங்கள் பெயின்டில் ஒரு பொட்டு உதிராது.

அவன் ஜெயிப்பானா? மாட்டான் என்றே நினைக்கிறேன். ஆடிப் பழகாதவன் எப்படி ஜெயிப்பான்? தோற்கட்டும்! நீங்கள் எல்லோரும் வாரா வாரம் தோற்றீர்கள், சிரித்தீர்கள், சபதம் போட்டீர்கள், மறுவாரம் வந்தீர்கள். அந்தச் சுகம் அவனுக்கு ஒருநாளாவது கிடைத்ததா? வெல்வதற்கு மட்டுமா படை வேண்டும்? தோற்பதற்கும் ஒரு படை வேண்டும்! அவனுக்கு நீங்கள் வெற்றி தர வேண்டாம், விருது தர வேண்டாம், ஒரு தோல்வி தாருங்கள் போதும்!

தலைவர் அவர்களே, அலமாரிச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. திறப்பு விழா என்றுதானே அழைப்பில் போட்டிருக்கிறீர்கள்? திறவுங்கள். அந்த நீலக் குதிரைகளை வெளியே எடுங்கள். அவற்றுக்குக் கண் வைத்தவன் எதிரே நிற்க வருகிறான்.

தம்பி, கையை வெளியே எடுடா. எல்லோரும் பார்க்கட்டும். எழுந்து வா.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நெளிந்துகொண்டே கேட்ட உறுப்பினர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி, நெளிந்தவருக்குத்தான் உறைத்திருக்கிறது. செயலாளர் ஐயா, அந்த அளவு நாடாவைக் கழற்றுங்கள். இன்றைக்கு நாடா பிடிக்கும் முறை உங்களுடையது. வணக்கம்.