கோப்பி விரதம்

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய கர்ப்பிணிக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் கணவர் கீரைப் பையோடு எதிரே நின்றுகொண்டார். உட்கார்ந்ததும் அவள் சொன்னதைக் கேட்டு, என் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“நாளையிலேர்ந்து நீங்க எனக்காகக் கோப்பி விரதம் இருக்க வேணாம்.”

“ஏன்? தைராய்டு மாத்திரை போட்டு அரை மணி நேரம் நீ கோப்பி குடிக்கக் கூடாது. அதுவரைக்கும் நானும் தொட மாட்டேன்னு சொன்னேன்ல.”

“இன்னிக்கு மாத்திரையக் கூட்டிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படாத லா. ஒழுங்காப் போட்டா பிள்ளைக்கு மூளை நல்லா வளரும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. அதுக்குத்தானே நானும் சேர்ந்து காத்திருக்கேன்.”

“காத்திருக்கிற நேரத்துல பேப்பர் வாங்கக் கீழ போறீங்களே, பேப்பர் எங்க?”

“வித்துப் போச்சு.”

“நாலு நாளாவா?”

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கோப்பிக் கடையில கூட்டம். பேப்பர் கிடைக்கல.”

“பேப்பர் விக்கிறது பக்கத்துக் கடையில.”

அவர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் படிக்கத் தொடங்கினார்.

“யாரு சொன்னா உனக்கு?”

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“நீங்க திரும்பி வந்து, பேப்பர் இல்லன்னு வாயத் திறந்ததும் உள்ளேர்ந்து ஒரு உதை. தினமும் கரெக்டா அப்பத்தான். இப்ப நினைச்சா எனக்குப் பயம் போயிருச்சு. மூளை நல்லாத்தான் வளருது.”